பளபளப்பை நம்பலாமா?

சவுத்தாம்ப்டனில் 1985-இல் கட்டிய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வருகிறது. விற்பவரிடம் போன வருடத்து சர்வே அறிக்கை இருக்கிறது. அது போதாதா? - ஒரு வாசகர், இங்கிலாந்து

போதாது. அது அவருக்காக எழுதிய அறிக்கை. தவறு தெரிந்தால் பொதுவாக அந்த சர்வேயரை நீங்கள் கேள்வி கேட்க முடியாது. உங்கள் சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள். தரகர் கைகாட்டும் ஆள் வேண்டாம். முன்பணம் தரும்போதே ‘சர்வே திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

படகைக் கிரேனில் தூக்கிக் கரையில் வைத்தே பார்க்க வேண்டும். சர்வேயர் சின்னச் சுத்தியால் உடல் முழுக்கத் தட்டுவார். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அடியில் கொப்புளங்கள் இருந்து, குத்தினால் வினிகர் நெடியோடு நீர் கசிந்தால் பயப்படாதீர்கள். காயவைத்துச் சரிசெய்யலாம். மாதக்கணக்கில் ஆகும், அந்தச் செலவை விலையில் குறையுங்கள்.

படகின் அடியில் பொருத்தியிருக்கும் கனமான கீல் (keel) விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2014-இல் சவுத்தாம்ப்டன் திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ரஃபிகி’ படகு நடு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. 4 பேர் இறந்துபோனார்கள். கீல் போல்ட்டுகளையும், கீல் உடலோடு சேரும் இடத்தையும் உங்கள் கண்ணெதிரே பார்க்கச் சொல்லுங்கள். பாய்மரக் கம்பிகளை எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். 10 வருடம் தாண்டியிருந்தால் புதிதாகப் போடும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

எஞ்சினை சர்வேயர் பிரித்துப் பார்க்க மாட்டார். அதற்குத் தனியாக மெக்கானிக்கை அழைத்து, ஆறிக் கிடக்கும் எஞ்சினை அவர் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.