டப்பாவில் என்ன இருக்கு?



பத்தாம் வகுப்பு வரைக்கும் நான் பள்ளிக்கு டப்பா கொண்டுவந்ததே இல்லை. மதியம் மணி அடித்ததும் தட்டைக் கழுவிக்கொண்டு சத்துணவு வரிசையில் நிற்பேன். நம் மாநிலத்தில் 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். இது சமூக அறிவியலில் நாம் மார்க்குக்காகப் படித்த பாடம். அதன் அருமை எனக்குப் பதினோராம் வகுப்பில்தான் தெரிந்தது. ஏனென்றால், சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது.

எங்க அம்மா விடியற்காலை நாலரை மணிக்கே மல்லிகைப்பூ பறிக்கக் கிளம்பிவிடுவார். அதனால் சோறு வடித்து டப்பா கட்டுவது என் வேலை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் சோறு, ஓரத்தில் ஊறுகாய். காலையில் டீ மட்டும்தான். பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று டப்பா மூடியைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே சாப்பிடுவேன். மாலையில் பசித்தால் பத்து ரூபாய்க்கு ஏதாவது பாக்கெட் வாங்கித் தின்பேன்.

போன ஆகஸ்டில் ஒருநாள் பிரேயரில் நிற்கும்போது கண் இருட்டி, மயங்கி விழுந்துவிட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.2. என் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். அம்மா அழுதுவிட்டார். "வயிறு நிறையத்தானடி சாப்பிட்டே?" என்று கேட்டார். ஆமாம், வயிறு நிறைந்துதான் இருந்தது. சத்துதான் இல்லை.

அங்கே நர்ஸ் அக்கா சொன்னதையும், உயிரியல் டீச்சரிடம் கேட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

1. சோறு மட்டும் போதாது. அரிசியில் உள்ள புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறில் அது அதிகம். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடும். நம் பாட்டிமார் சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்தது சும்மா இல்லை!

2. இரும்புச்சத்துக்குத் துணை வேண்டும். கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்தை நம் உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா எல்லாவற்றிலும் அது உண்டு. கொய்யாவில் ஆரஞ்சுப் பழத்தை விடப் பல மடங்கு அதிகம்.

3. டீ அதைத் தடுக்கும். சாப்பாட்டோடு டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே விதிதான்.

4. காசைப் பார்த்துச் செலவு செய்யணும். ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் புரதம் ஒரு கிராம் இருந்தாலே பெரிது. எங்கள் தெருக் கடையில் அதே ஐந்து ரூபாய்க்கு 35 கிராம் நிலக்கடலை தருகிறார்கள். அதில் சுமார் 9 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்.

இப்போது என் டப்பா இதுதான்:

திங்கள் – சாம்பார் சாதம், அவித்த முட்டை (7 ரூபாய்)
செவ்வாய் – கடலை நிறையப் போட்ட எலுமிச்சை சாதம் (10 ரூபாய்)
புதன் – பருப்பு சாதம், முருங்கைக்கீரைப் பொரியல், நெல்லிக்காய் (3 ரூபாய். கீரை எங்க கொல்லையிலேயே இருக்கு)
வியாழன் – கொண்டைக்கடலைக் குழம்பு சாதம், முட்டை (11 ரூபாய்)
வெள்ளி – தயிர் சாதம், பச்சைப்பயறு சுண்டல், கொய்யா (12 ரூபாய்)

அரிசி ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கிறது. பருப்பும் எண்ணெயும் வீட்டுச் சமையலுக்கு எப்படியும் வாங்குவதுதான். கூடுதல் செலவு வாரத்துக்கு 43 ரூபாய். முன்பு பாக்கெட்டுக்கே 50 ரூபாய் போனது!

நேரம்? பயறு, கடலையை ராத்திரியே ஊறப் போட்டுவிடுவேன். காலையில் சோறு வேகும்போதே பக்கத்து அடுப்பில் அது வெந்துவிடும். தயிர் சாதத்துக்கு ஒரு யுக்தி: சோற்றில் பாலை நிறைய ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டுப் பிசைந்தால் மதியம் புளிக்காமல் இருக்கும். எந்தச் சாதத்தையும் ஆவி போக ஆறவிட்டு மூட வேண்டும். சுடச்சுட மூடினால் வியர்த்துக் கெட்டுப்போகும்.

மாத்திரையும் தவறாமல் போட்டேன், சாப்பாட்டையும் மாற்றினேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 11.1. இன்னும் 12 ஆகவில்லை, ஆகிவிடும். முதல் பாடவேளையில் இப்போது தூக்கம் வருவதில்லை.

தோழிகளே, காலையில் டீயோடு வருபவர்கள் நம் வகுப்பிலேயே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ஊறுகாய் டப்பாவை மூடி மறைத்துச் சாப்பிடுகிறவர்களையும் பார்க்கிறேன். நானும் அப்படித்தானே இருந்தேன்! வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. வேப்பமரத்தடியில் நாங்கள் நான்கு பேர் டப்பாவை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுகிறோம். ஒருத்தி சுண்டல், ஒருத்தி கீரை, ஒருத்தி கொய்யா. ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாங்க. சோறு மட்டும் கொண்டுவந்தால் போதும், மற்றது எங்களிடம் இருக்கு.

இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவி