'நாளைக்கு வந்தா' தெரியுமா? அப்போ 'இஃப்' தெரியும்!

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. எச்.ஆர். ரவுண்டில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "வாட் வுட் யூ டூ இஃப் யுவர் டீம் லீட் டிஸ்அக்ரீட் வித் யூ?" டீம் லீடுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகலைன்னா என்ன பண்ணுவீங்க, அவ்வளவுதான். பதில் நமக்குத் தெரியும். வாயைத் திறந்தா "இஃப் ஹி வில் டிஸ்அக்ரீ..." என்று ஆரம்பிச்சு, தப்போன்னு சந்தேகம் வந்து, அடுத்த 2 வாக்கியமும் காலி.

இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவங்களும் இதில் தடுமாறுறதை நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பார்த்திருக்கேன். ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று 4 டப்பாவில் அடைச்சு மனப்பாடம் பண்ண வைப்பாங்க. பேசும்போது எந்த டப்பாவைத் திறக்கணும்னு மட்டும் தெரியாது. ஆனா தமிழ் பேசுற யாருக்கும் இதோட உள்வேலை ஏற்கெனவே தெரியும். எப்படின்னு காட்டுறேன்.

"நாளைக்கு அவன் வந்தா சொல்றேன்." இந்த 'வந்தா'வைப் பிரிச்சுப் பாருங்க. வந்தால் என்பது வந்த் + ஆல். அதே 'வந்த்'தான் வந்தான், வந்தாள், வந்தது எல்லாத்திலும் இருக்கு. அதாவது இறந்தகால வடிவம். போனால், படித்தால், பெய்தால் எல்லாமே இப்படித்தான். நாளைக்கு நடக்கப்போற விஷயத்துக்கு நேத்து நடந்த மாதிரி ஒரு வடிவத்தைப் போடுறோம். இதுவரை யாரும் குழம்பினதில்லை. இப்போ எதிர்காலத்தில் 'ஆல்' ஒட்டிப் பாருங்க. 'வருவால்'! அப்படி ஒரு சொல்லே கிடையாது.

"இஃப் ஹி வில் கம்" என்று சொல்றப்போ இங்கிலீஷ் காதுக்கு ஏறக்குறைய 'வருவால்' மாதிரிதான் கேட்கும். எதிர்காலம் நிபந்தனைப் பக்கம் வராது, விளைவுப் பக்கம்தான் வரும். "இஃப் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்." (எழுத்துத் தமிழில் 'வருவானானால்' உண்டே என்று தமிழ் மன்ற ஆட்கள் சண்டைக்கு வரலாம். உண்டு. அங்கேயும் 'ஆனால்' என்கிற இன்னொரு சொல் வந்து தாங்குது. இங்கிலீஷிலும் ரிசப்ஷனில் "இஃப் யூ வில் வெயிட் ஹியர்" என்பாங்க. அந்த 'வில்' எதிர்காலம் இல்லை, பணிவு.)

எப்பவுமே நடக்கிற விஷயம்னா 'வில்' எங்கேயும் வேண்டாம். மழை பெய்தா மரக்காணம் உப்பளத்தில் வேலை நிக்கும்: "இஃப் இட் ரெயின்ஸ், வொர்க் ஸ்டாப்ஸ்." இதுக்கு மேல இதில் ஒண்ணுமில்லை.

தமிழ் கைகொடுக்காத ஒரு இடம் இருக்கு, அதை மட்டும் உட்கார்ந்து கத்துக்கணும். "ரிசல்ட் வந்தா ட்ரீட் தர்றேன்", "எனக்குச் சிறகு முளைச்சா சென்னைக்குப் பறந்துடுவேன்". ரெண்டுக்கும் நாம ஒரே 'ஆல்'தான் போடுறோம். முதலாவது நடக்கும், ரெண்டாவது நடக்காதுங்கிறது கேட்கிறவருக்கே புரியும். இங்கிலீஷ் அதைக் கேட்கிறவர் தலையில் விடாது, வினையிலேயே காட்டிடும். நடக்கக்கூடியதுன்னா "இஃப் த ரிசல்ட்ஸ் கம், ஐ வில்". வெறும் கற்பனைன்னா "இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட்". இங்கே 'ஹேட்' போட்டது நேத்து இறக்கை இருந்துச்சுங்கிறதுக்காக இல்லை. 'வந்தா'வில் 'வந்த்' காலத்தைக் காட்டாத மாதிரிதான் இதுவும். உண்மையிலிருந்து ஒரு அடி தள்ளி நிக்கிறேன் என்று சொல்ற வழி. "இஃப் ஐ வேர் யூ" கூட அப்படித்தான்: உன் இடத்தில் நான் இல்லை, இருந்தா.

இன்டர்வியூவில் இது இலக்கணப் பிரச்சினையோட நிக்காது. "இஃப் யூ செலக்ட் மீ, ஐ வில் ரிலொகேட்" என்றால் வேலை கிடைக்கலாம்னு நம்புறவர் பேச்சு. அதையே "இஃப் யூ செலக்டட் மீ, ஐ வுட் ரிலொகேட்" என்றால் கிடைக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்ட மாதிரி இருக்கும். இலக்கணப்படி ரெண்டும் சரிதான், ஆனா முதலாவதைச் சொல்லுங்க. மேலே கேட்ட டீம் லீட் கேள்வி வேற. கேட்டவரே 'வுட்' போட்டுக் கற்பனைக்குள்ள கூப்பிடுறார், நீங்களும் "ஐ வுட் லிசன் ஃபர்ஸ்ட்" என்று அதிலேயே பதில் சொல்லலாம்.

ஹெச்.ஓ.டி.க்கு மெயில் எழுதும்போதும் இந்த ஒரு அடி தூரம் உதவும். "இட் வில் பி குட் இஃப் யூ சைன்" என்பது கொஞ்சம் அதட்டுற மாதிரி. "இட் வுட் பி கிரேட் இஃப் யூ குட் சைன்" என்றால் மறுக்க அவருக்கு இடம் விட்டிருக்கீங்க. நாம "சார், கையெழுத்துப் போட்டீங்கன்னா நல்லாருக்கும்" என்று இழுத்துச் சொல்றது இதேதான்.

அடுத்து எல்லாரும் பயப்படுற 'வுட் ஹேவ்'. இதில் தமிழ் முழுசா நம்ம பக்கம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து, மேற்கொண்டு நகராம மணிக்கணக்கில் அங்கேயே நின்னது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தைத் தொடுற அளவுக்குத் தண்ணி வந்து டிசம்பர் 2-ஆம் தேதி ரயில்களை நிறுத்தினாங்க. அப்போ ஊரில் எல்லார் வாயிலும் இருந்த வாக்கியம்: "புயல் சீக்கிரம் நகர்ந்திருந்தா இவ்வளவு மழை பெஞ்சிருக்காது."

இதைத் துண்டு துண்டா மாத்துங்க. நகர்ந்திருந்தா: ஹேட் மூவ்டு. பெஞ்சிருக்காது: வுட் நாட் ஹேவ் ரெயின்டு. "இஃப் த சைக்ளோன் ஹேட் மூவ்டு குவிக்லி, இட் வுட் நாட் ஹேவ் ரெயின்டு சோ மச்." 'இருந்தா' இருக்கிற இடத்தில் ஹேட், 'இருக்கும், இருப்பேன், இருக்காது' இருக்கிற இடத்தில் வுட் ஹேவ். "இஃப் ஐ வுட் ஹேவ் நோன்" என்று அமெரிக்கர்கள் சிலர் பேச்சில் சொல்வாங்க. தமிழில் யோசிச்சா 'தெரிஞ்சிருப்பேனால்' மாதிரி இருக்கு, தேர்விலும் ஆஃபீஸ் மெயிலிலும் தவிர்த்துடுங்க.

சப்டைட்டில் இல்லாம படம் பார்க்கிறவங்களுக்கு ஒரு தொல்லை. "இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்." ரெண்டு 'ஐட்'டும் ஒரே சத்தம், ஆனா முதலாவது ஐ ஹேட், அடுத்தது ஐ வுட். காதை நம்பாதீங்க, இடத்தைப் பாருங்க: இஃப் பக்கம் ஹேட், மறுபக்கம் வுட்.

'அன்லெஸ்' பற்றி ஒரே வரி. அதுக்குள்ளேயே ஒரு 'இல்லைன்னா' இருக்கு, அதனால "அன்லெஸ் யூ டோன்ட் கம்" என்றால் அர்த்தம் தலைகீழ்.

இந்த 4 வாக்கியத்தை இங்கிலீஷில் சத்தமா சொல்லிப் பாருங்க. கடைசி ஒண்ணில் முன்பாதி நடந்து முடிஞ்சது, பின்பாதி இப்போதைக்கு. அதனால அங்கே 'ஹேவ்' வேண்டாம், வெறும் 'வுட் பி' போதும்.

ஏறின பஸ் பைபாஸ்லயே போனா போன் பண்றேன்.

செஞ்சிக் கோட்டை நம்ம காலேஜுக்குப் பின்னாடி இருந்தா தினமும் ஏறுவேன்.

முதல் வருஷமே கோடிங் ஆரம்பிச்சிருந்தா ப்ராஜெக்ட்டை எப்பவோ முடிச்சிருப்போம்.

காலையில அந்த ட்ரெயினைப் பிடிச்சிருந்தா இந்நேரம் எழும்பூர்ல இருப்பேன்.