மாடி வீடும் லாட்ஜ் அறையும்

செஞ்சிப் பக்கம் அனந்தபுரம் கடைத்தெருவில் நின்று, "அண்ணே, இங்க ஹோட்டல் எங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். இட்லி கிடைக்கும் இடத்தைத்தான் காட்டுவார்கள். நம் பக்கத்தில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை, தங்குவதற்கு லாட்ஜ். இப்போது மூன்றாவதாக ஒன்றும் பேச்சில் அடிபடுகிறது: மாடியையோ பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டையோ நாள் வாடகைக்கு விடுவது.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று நம் செஞ்சி. கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு எங்கே தங்குவது என்ற கேள்வி. வட்டாரத்துக்காரர்களுக்கு மாடியைக் கொடுத்தால் என்ன என்ற கணக்கு. இரண்டிலும் தவறான நம்பிக்கைகள் கலந்திருக்கின்றன.

நம்பிக்கை 1: வீட்டில் காசு கொடுத்துத் தங்குவது வெளிநாட்டிலிருந்து நேற்று வந்த பழக்கம்.

வீடு பிடித்துத் தரும் செயலிதான் புதிது. ஏர்பிஎன்பி 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. திருவண்ணாமலையில் ஆசிரமங்களுக்கு வந்து மாதக்கணக்கில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் அறை எடுப்பது அதற்கு முந்தைய வழக்கம். அதற்கும் முன்னால் வழிப்போக்கருக்குத் திண்ணை இருந்தது. ஆனால் திண்ணையில் படுத்தவரிடம் யாரும் வாடகை கேட்கவில்லை. காசு கைமாறியதும் விருந்தாளி வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். இதை மறப்பதால்தான் மற்றக் குழப்பங்களில் பாதி வருகின்றன.

நம்பிக்கை 2: லாட்ஜை விட வீடு மலிவு.

ஆள் கணக்கையும் நாள் கணக்கையும் பொறுத்தது. ஓர் எடுத்துக்காட்டு: லாட்ஜில் இருவர் தங்கும் அறை ஒரு நாளைக்கு 1,500 ரூபாய், முழு வீடு 4,000 ரூபாய், வீட்டைச் சுத்தம் செய்ய ஒருமுறை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் ஒரே இரவு தங்கினால் லாட்ஜுக்கு 4,500, வீட்டுக்கு 5,000. அதே ஆறு பேர் மூன்று இரவு தங்கினால் லாட்ஜுக்கு 13,500, வீட்டுக்கு 13,000. அடுப்படி இருந்தால் சாப்பாட்டுச் செலவும் குறையும். கணவன் மனைவி இருவர் மட்டும் ஓர் இரவு என்றால் பேச்சே இல்லை, லாட்ஜ்தான். செயலி வழியாகப் பதிவு செய்தால் அதற்கான கட்டணம் தனி. நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதனால் முதலில் கண்ணில் படும் தொகையைப் பார்க்காதீர்கள். கடைசியில் வரும் மொத்தத்தைப் பாருங்கள்.

நம்பிக்கை 3: செஞ்சிக்கு ஒரு பகல் போதும், தங்குவதென்றால் கோட்டை வாசலிலேயே தங்க வேண்டும்.

முகலாயப் படை சுமார் எட்டு ஆண்டு முற்றுகையிட்டு 1698இல் பிடித்த கோட்டை இது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். ராஜகிரி மட்டுமே சுமார் 800 அடி உயரம். வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கினால்தான் உடம்பு தாங்கும். முந்தின இரவே இந்தப் பக்கம் வந்து தங்குவதில் அர்த்தம் இருப்பது அதனால்தான். ஆனால் கோட்டையை ஒட்டியே தங்க வேண்டும் என்பதில்லை. செஞ்சிக்குத் தெற்கே அனந்தபுரம் பக்கம் தங்கினால் பனமலையில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலையும் அங்கே எஞ்சியிருக்கும் பார்வதி ஓவியத்தையும் பார்க்கலாம். செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டு குகையும் இதே வட்டாரம்தான். செஞ்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் திருவண்ணாமலை. பௌர்ணமியன்று அங்கே அறை தேடி அலைந்தவர்களுக்குச் சுற்றுப்புற ஊர்களின் அருமை தெரியும்.

நம்பிக்கை 4: என் வீடு, என் இஷ்டம்; யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. நினைவுச்சின்னங்கள் குறித்த 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்கு இடமில்லை. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவே அனுமதி வேண்டும். அதைத் தாண்டி அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். கோட்டை தெரியும்படி மாடியில் இரண்டு அறை எடுக்க நினைப்பவர்கள் கொத்தனாரைக் கூப்பிடும் முன் மீட்டர் டேப்பை எடுக்க வேண்டும்.

வீடே வாடகை வீடு என்றால், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விட 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் இடம் தராது. சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டே ஒன்று முதல் ஆறு அறை வரை விடுகிறவர்கள் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் தங்குமிடத் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம் உண்டு. வெளியுலகிலும் பிடி இறுகித்தான் வருகிறது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல் 30 நாளுக்குக் குறைந்த வாடகை என்றால் வீட்டுக்காரரும் உடன் தங்கியிருக்க வேண்டும்.

நம்பிக்கை 5: வெளிநாட்டவர் வந்தால் தகவல் கொடுப்பது பெரிய ஹோட்டல்களின் வேலை.

இல்லை. ஒரே ஓர் அறையை விடுபவரும் வெளிநாட்டு விருந்தினர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை இணையவழியாக அரசுக்கு அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட், விசா விவரங்கள் அதில் இருக்கும். இதை விட்டுவிட்டால் நல்லெண்ணத்தில் இடம் கொடுத்தவரும் விசாரணைக்கு அலைய நேரும்.

நம்பிக்கை 6: கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்கினால் போலீஸ் பிடிக்கும்.

அப்படி ஒரு குற்றம் சட்டத்தில் இல்லை. 2019இல் கோவையில் நாள் வாடகைக்கு விடப்பட்ட ஓர் அடுக்ககத்துக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். மணமாகாத இருவர் ஓர் அறையில் இருந்ததும் காரணங்களில் ஒன்று. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மணமாகாதவர்கள் விடுதி அறையில் தங்கத் தடை விதிக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சொல்லி, அந்த டிசம்பரில் சீலை அகற்ற உத்தரவிட்டார் நீதிபதி எம்.எஸ். ரமேஷ். அதே சமயம், குடும்பத்தோடு இருக்கும் வீட்டுக்காரர் தன் வீட்டுக்கென்று சில நிபந்தனைகள் வைத்திருக்கலாம். வந்து வாசலில் நின்று வாக்குவாதம் செய்வதை விட, முன்பணம் அனுப்பும் முன் கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது.

நம்பிக்கை 7: லாட்ஜ் பாதுகாப்பு, வீடு ஆபத்து.

பலர் இதைத் தலைகீழாகவும் நம்புகிறார்கள். கட்டடத்தின் வகையை வைத்து எதையும் சொல்ல முடியாது. அறைக்குள் தாழ்ப்பாள் விழுகிறதா, கேஸ் அடுப்பு வீட்டின் எந்தப் பக்கம், மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு, ராத்திரி யாரைக் கூப்பிடுவது என்பவைதான் பாதுகாப்பு. லாட்ஜில் வரவேற்பறையில் ஓர் ஆள் இருப்பார். பூட்டிய வீட்டில் தனியாகத் தங்கினால் அவர் இருக்க மாட்டார். ரகசிய கேமரா வைத்துப் பெண்களைப் படம்பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி குற்றம். சந்தேகம் வந்தால் 112க்கு அழையுங்கள்.

நம்பிக்கை 8: தனியார் வீடுதானே, ஏமாந்தால் யாரிடம் முறையிட முடியும்?

திண்ணைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் கைகொடுக்கும். காசு வாங்கிக்கொண்டு இடம் தருவது சேவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அதற்கும் பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் கையில் ரசீது வேண்டும், பேசியது எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியானாலும் சரி, அழித்துவிடாதீர்கள்.

தங்கப் போகிறவர் போனில் மூன்று கேள்வி கேட்டால் போதும்: எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? ரசீது தருவீர்களா? ராத்திரி பக்கத்தில் யார் இருப்பார்கள்? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் வீட்டில் பையை இறக்கி வைக்கலாம். இடம் தரப் போகிறவர் அந்தப் பதில்களை இப்போதே தயார் செய்துகொள்ளட்டும்.