ஒரு மூட்டை உரத்தின் பின்னால் எவ்வளவு கழிவு?

50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. அந்த 23 கிலோவைப் பெறுவதற்குத் தொழிற்சாலையில் சுமார் 115 கிலோ ஜிப்சம் மிஞ்சுகிறது. அதாவது, உழவர் வண்டியில் ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு மூட்டைக்கும், ஆலையின் புறத்தே இரண்டு மூட்டைக்கு மேல் கழிவு குவிகிறது. உரம் வாங்கும்போது விலையைக் கேட்கிறோம். சத்தின் அளவைப் பார்க்கிறோம். இந்தக் கழிவு எங்கே போகிறது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கழிவு கலக்கும் நீரும் காற்றும் ஆலையை ஒட்டி வாழும் உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் உரியவை. உர ஆலைகளிலும் பூச்சி மருந்து ஆலைகளிலும் கழிவு எப்படி உண்டாகிறது, அதை எவ்வாறு குறைக்கலாம், அதில் சிறு விவசாயிகளின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பாறையிலிருந்து உரம்

மணிச்சத்து உரங்களுக்கு மூலப்பொருள் பாறை பாஸ்பேட். இதில் உள்ள சத்து செடிக்கு எளிதில் கிட்டாது. எனவே பாறையைப் பொடியாக்கிக் கந்தக அமிலத்துடன் சேர்க்கிறார்கள். அப்போது பாஸ்பாரிக் அமிலமும் ஜிப்சமும் உண்டாகின்றன. அமிலத்தை வடிகட்டி எடுத்து, அம்மோனியாவுடன் சேர்த்தால் டி.ஏ.பி. கிடைக்கிறது. வடிகட்டியில் தங்குவதே பாஸ்போ ஜிப்சம். ஒரு டன் மணிச்சத்துக்கு இது சுமார் 5 டன் அளவுக்குச் சேருகிறது. வெளிநாட்டிலிருந்து அமிலத்தையோ டி.ஏ.பி.யையோ இறக்குமதி செய்யும்போது, ஜிப்சம் மேடு அந்த நாட்டில் நிற்கிறது; அவ்வளவுதான் வேறுபாடு.

தூய ஜிப்சம் தீங்கற்றது. ஆனால் ஆலை ஜிப்சத்தில் கொஞ்சம் அமிலமும் புளூரைடும் ஒட்டியிருக்கும். பாறையில் இருந்த ரேடியத்தின் பெரும்பகுதியும் இதனுடன் வந்துவிடும். அதன் அளவு பாறைக்குப் பாறை மாறுபடும். அடியில் தடுப்பு இல்லாமல் திறந்த வெளியில் குவித்தால், மழைநீர் இவற்றைக் கரைத்து நிலத்தடி நீரில் சேர்க்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், பைனி பாயிண்ட் என்ற இடத்தில், மூடப்பட்ட உர ஆலையின் ஜிப்சம் மேட்டின் மேலிருந்த நீர்த்தேக்கம் 2021-ல் கசியத் தொடங்கியது. கரை உடைந்துவிடாமல் தடுக்கச் சுமார் 80 கோடி லிட்டர் நீரைக் கடற்கழியில் இறைத்துவிட நேர்ந்தது. ஆலை மூடப்பட்டாலும் கழிவு மூடப்படுவதில்லை என்பதற்கு இது சான்று.

இதைத் தவிர்க்க, ஜிப்சத்தை நன்கு கழுவி வடிகட்ட வேண்டும். ஒட்டியிருந்த அமிலம் கழுவிய நீருடன் மீண்டும் ஆலைக்கே செல்வதால் ஆலைக்கும் இலாபம். மிஞ்சிய புளிப்பைச் சுண்ணாம்பு இட்டுப் போக்கலாம். மேட்டின் அடியில் நீர் இறங்காத விரிப்பு இட்டு, வடியும் நீரைச் சுற்று வாய்க்காலில் பிடித்து, திரும்பவும் பயன்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மேட்டை வளரவிடாமல் சிமெண்ட் ஆலைகளுக்கும் வயல்களுக்கும் அனுப்ப வேண்டும்.

சூப்பரில் மிச்சம் இல்லை

சூப்பர் பாஸ்பேட் தயாரிப்பிலும் பாறையும் கந்தக அமிலமுமே சேருகின்றன. ஆனால் இங்கே வடிகட்டுவது இல்லை. உண்டாகும் ஜிப்சம் முழுவதும் உரத்தோடு மூட்டைக்குள்ளேயே வருகிறது. அதனால்தான் 50 கிலோ சூப்பரில் 8 கிலோ மணிச்சத்துடன் ஐந்தரை கிலோ கந்தகச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் இருக்கின்றன. ஆகவே நிலக்கடலை, எள் போன்ற எண்ணெய் வித்துப் பயிர்களுக்கும் பயறு வகைகளுக்கும் சூப்பர் மிக ஏற்றது. டி.ஏ.பி.யை விட அதிக மூட்டை சுமக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஆலையில் கழிவாகக் குவியும் பொருள் இங்கே பயிருக்கு உணவாகிறது.

புகையாகப் போகும் பணம்

கந்தக அமிலம் தயாரிக்கக் கந்தகத்தை எரிக்கிறார்கள். அந்தப் புகை முழுவதும் அமிலமாக மாறினால் கழிவு இல்லை. பழைய முறையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு மாறாமல் புகைபோக்கி வழியே வெளியேறியது. புகையை இரு முறை மாற்றி, இரு முறை உறிஞ்சும் முறை வந்த பின் நூற்றுக்கு 99.5 பங்குக்கு மேல் அமிலமாகிறது. காற்றும் தூய்மையாகிறது; விலை கொடுத்து வாங்கிய கந்தகமும் மிஞ்சுகிறது.

பாறையிலிருந்து எழும் புளூரின் வாயுவும் இப்படித்தான். அதை நீரில் கரைத்துப் பிடித்தால், அலுமினியத் தொழிலுக்கு வேண்டிய வேதிப்பொருள் தயாரிக்க உதவும். வெளியே விட்டால் சுற்றிலும் உள்ள இலைகளின் நுனி கருகும்; அந்தப் புல்லைத் தின்னும் மாடுகளின் பல்லும் எலும்பும் கெடும்.

யூரியா ஆலையின் கழிவு நீரில் அம்மோனியாவும் யூரியாவும் கரைந்திருக்கும். அந்த நீரை ஆற்றில் விட்டால் மீன்கள் மடியும். அதையே நீராவியால் சூடாக்கினால், யூரியா சிதைந்து அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்து மீண்டும் ஆலைக்குள் செல்லும். எஞ்சிய தூய நீர் கொதிகலனுக்குப் பயன்படும். கழிவு என்பது, இடம் தவறிப் போன மூலப்பொருள்தான்.

பி.எச்.சி. கற்பித்த பாடம்

மூத்த விவசாயிகளுக்குப் பி.எச்.சி. 10 சதத் தூள் நினைவிருக்கும். பென்சீனுடன் குளோரினைச் சேர்த்து இது தயாரிக்கப்பட்டது. ஒரே அணுக்கள் வெவ்வேறு விதமாக அமைந்த பல வடிவங்கள் அதில் கலந்திருந்தன. பூச்சியைக் கொல்வது காமா என்னும் வடிவம் மட்டுமே. அது நூற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 பங்குதான். எனவே 10 கிலோ தூளில் மருந்து ஒரு கிலோ என்றாலும், வேலை செய்தது 100 முதல் 150 கிராம் மட்டுமே. மீதி, பயன் ஏதுமின்றி மண்ணிலும் பாலிலும் தங்கியது. இந்தியாவில் பி.எச்.சி. 1997-ல் தடை செய்யப்பட்டது.

காமாவை மட்டும் பிரித்து லிண்டேன் என்று விற்றபோது, வயலில் விழுந்த கழிவு ஆலைக்கு இடம் மாறியது. ஒரு டன் லிண்டேனுக்கு 8 முதல் 12 டன் வரை வேண்டாத வடிவங்கள் மிஞ்சின; உலகின் பல நாடுகளில் அவை புதைகுழிகளாக இன்றும் கிடக்கின்றன. 2009-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் லிண்டேனும் அதன் கழிவு வடிவங்களும் சேர்க்கப்பட்டன.

கழிவை உண்டாக்கிவிட்டு இடம் தேடுவதை விட, உண்டாகாத முறையைத் தேடுவதே நல்லது என்பது இதன் பாடம். அடிச்சாம்பல் நோய்க்கான மெட்டலாக்சில் மருந்தில் வேலை செய்யும் வடிவத்தை மட்டும் பெரும்பாலும் தயாரிக்கும் முறை பின்னர் வந்தது. மெட்டலாக்சில்-எம் எனப்படும் அது, பாதி அளவிலேயே அதே பலனைத் தருகிறது.

போபால்

1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபாலில் கசிந்த நச்சு வாயு, கார்பரில் என்னும் பூச்சி மருந்து தயாரிப்பதற்கான இடைப்பொருள். சுமார் 40 டன் வெளியேறி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த வாயு இல்லாமலும் கார்பரில் தயாரிக்க வழி உண்டு. கொடிய இடைப்பொருளைப் பெரிய தொட்டிகளில் சேர்த்து வைக்காமல், தேவைப்படும் அளவுக்கு மட்டும் தயாரித்து உடனே செலவிடுவதே பாதுகாப்பு என்பதை உலகம் அன்று கற்றது. அந்த ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, 40 ஆண்டுகளுக்குப் பின், 2025-ல்தான் பிதாம்பூருக்கு எடுத்துச் சென்று எரிக்கப்பட்டது.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. மண் பரிசோதனை செய்து உரமிடவும். மணிச்சத்து அதிகம் என்று முடிவு வந்தால், சிபாரிசு அளவில் கால் பங்கைக் குறைக்கலாம். பாஸ்போபாக்டீரியா இட்டு, மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தைப் பயிருக்குக் கிட்டச் செய்யலாம். தேவையின்றி வாங்கும் ஒரு மூட்டை டி.ஏ.பி.யைத் தவிர்த்தால் 115 கிலோ கழிவும் தவிர்க்கப்படுகிறது.

2. நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடவும். இறவையில் 40 முதல் 45-ம் நாளில், செடியின் பக்கத்தில் இட்டு மண் அணைக்க வேண்டும். மானாவாரியில் மண்ணின் ஈரத்தைப் பார்த்து 40 முதல் 75-ம் நாளுக்குள் இடலாம். காய்கள் சுண்ணாம்புச்சத்தைத் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கின்றன. ஆகவே அடியுரமாகச் சூப்பர் இட்டிருந்தாலும் விழுது இறங்கும் பருவத்தில் ஜிப்சம் தேவை. இல்லையேல் பொக்குக் காய் மிகும்.

3. களர் நிலத்துக்கும் ஜிப்சம் ஏற்றது. மண் ஆய்வுக்கூடம் குறிக்கும் அளவை இட்டு உழுது, நல்ல நீரைத் தேக்கி, பின் வடிக்க வேண்டும். உப்பு மட்டும் மிகுந்த உவர் நிலத்துக்கு ஜிப்சம் தேவையில்லை. நல்ல நீரும் வடிகாலும் போதும்.

4. ஜிப்சம் வாங்கும்போது ஆய்வு விவரத்தைக் கேட்டு வாங்கவும். ஈரத்தையும் கவனிக்கவும். நூற்றுக்கு 20 பங்கு ஈரம் இருந்தால், ஒரு டன்னில் 200 கிலோ தண்ணீருக்கு விலை கொடுக்கிறோம் என்று பொருள்.

5. நல்ல மருந்து ஆலைகளில், கலன் கழுவிய கரைப்பானைக் கொட்டாமல் அதே மருந்தின் அடுத்த தயாரிப்பில் சேர்க்கிறார்கள். உழவர்களும் அப்படியே செய்யலாம். காலி மருந்துப் புட்டியை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றவும். பின் புட்டியைத் துளையிட்டு, மீண்டும் பயன்படாதபடி செய்யவும். வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கழுவக் கூடாது.

6. ஆலைக்கு அருகில் கிணறு உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை, கோடையில், நீரைப் பரிசோதிப்பது நல்லது. குடிநீரில் புளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது விரும்பத்தக்கதல்ல. தர்மபுரி போன்ற பகுதிகளில் பாறையிலிருந்தே புளூரைடு நீரில் கலப்பதுண்டு. ஆகையால் ஒரு முடிவை மட்டும் கொண்டு ஆலையைக் குறை சொல்ல இயலாது. ஆண்டுதோறும் எழுதி வைத்த கணக்கு இருந்தால், நீர் மாறுவதை உறுதியாகக் காட்டலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடும்போது அந்தக் கணக்கே வலுவான சான்று.

ஆலையைத் திருத்தும் பொறுப்பு ஆலைக்கும் அரசுக்கும் உரியது. எதை, எவ்வளவு வாங்குவது என்ற முடிவு உழவருடையது. இரண்டு மூட்டை வாங்குமிடத்தில் மண் பரிசோதனை ஒன்று போதும் என்று சொன்னால், பணமும் மிச்சம், அயலூர்க் கிணறும் தப்பும்.