கிருமிகளின் சம்பாஷணை

கேள்வி: கிருமிகள் தமக்குள் பேசிக்கொள்கின்றனவாமே? அதைக் கலைத்தால் நோயைத் தடுக்கலாமா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: பேசுவது உண்மை, பாஷைதான் இரசாயனம். ஒவ்வொரு பாக்டீரியாவும் நுண்ணிய சங்கேதப் பொருளொன்றைச் சுரந்துகொண்டே இருக்க, கூட்டம் பெருகப் பெருக அதன் செறிவும் மிகுந்து, ஓர் எல்லையைத் தாண்டியதும், ‘நாம் போதிய பேர் சேர்ந்துவிட்டோம்’ என்றறிந்து அவை அனைத்தும் ஏககாலத்தில் செயலில் இறங்குகின்றன. கடலில் ஒளிரும் பாக்டீரியாக்களிடம் 1970-இல் இது தெளிவாயிற்று. நாள்பட்ட தண்ணீர்க்குடத்தின் உட்புறத்தில் விரலை வைத்தால் வழுக்குகிறதே, அத்தகைய படலத்தைக் கட்டவும், விஷத்தைச் சுரக்கவும் பல கிருமிகள் இம்முறையையே கையாளுகின்றன.

காலராக் கிருமியின் போக்கோ விசித்திரமானது. சிறுகூட்டமாயிருக்கையில் குடலைப் பற்றி விஷம் சுரந்து, பெருங்கூட்டமானதும் அதை நிறுத்திவிட்டு வெளியேறுகிறது. அதன் சங்கேதத்தையே சுரக்குமாறு மாற்றிய சாதுவான பாக்டீரியாவை எலிக்குட்டிகளுக்கு முன்கூட்டியே ஊட்டியபோது, அவற்றில் பெரும்பாலானவை காலராவுக்குத் தப்பின என்று 2010-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் தெரிவித்தனர். நம் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தினரும், மன்னார் வளைகுடாப் பவழங்களோடு வாழும் பாக்டீரியாக்களிலிருந்து, தொண்டைப்புண் கிருமியின் படலத்தைத் தடுக்கும் பொருள்களைக் கண்டிருக்கிறார்கள். கிருமியைக் கொல்லாமல் அதன் ஒற்றுமையை மட்டும் குலைப்பதால், மருந்துக்கு மசியாத வம்சம் தோன்றுவது குறையுமென்ற நம்பிக்கையே இம்முயற்சிகளின் பெருஞ்சிறப்பு.

ஆயினும் இவை இன்னும் பரிசோதனைச் சாலையைத் தாண்டி நம் மருந்துக்கடைக்கு வரவில்லை. ஆகவே, மழைக்காலத்தில் சாக்கடை நீர் கலக்கக்கூடிய தங்கள் பகுதியில், குடிநீரைக் கொதிக்கவைத்தே அருந்துங்கள்; குடத்தையும் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.