அப்பா சைக்கிளுக்கு எத்தனை பல்?

ஏற்றம் வந்தால் கால் கடுக்கும் என்பது சைக்கிள் மிதிக்கும் எல்லோருக்கும் தெரிந்ததே. எவ்வளவு கடுக்கும் என்பதைப் பல்லை எண்ணியே சொல்லிவிடலாம் என்பது மெக்கானிக்கல் படிக்க வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டு வண்டி தாத்தா 1974-ல் வாங்கிய ஹெர்குலிஸ். 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனித் தயாரிப்பு. அதில்தான் அப்பா தினமும் விடியுமுன் 45 கிலோ வாழையிலைக் கட்டு ஏற்றி, தாமிரபரணிப் பாலம் தாண்டி 9 கி.மீ. தூரம் போகிறார். ஒரு வருஷமாக முட்டுவலி. பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறார். ஏலம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் இலைக்கு விலை கிடையாது. "இரும்புக் கடையில போட்டுட்டு மொபெட் வாங்குங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. பணம் யார் தருவாங்க என்பதை மட்டும் யாரும் சொல்லலை.

முதலில் கணக்கு. முன் பல்சக்கரத்தில் 44 பல், பிரீவீலில் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் 44/18, அதாவது 2.44 சுற்று. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு உருட்டி அளந்தேன், ஒரு சுற்றுக்கு 2.22 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு வண்டி 5.4 மீட்டர் ஓடுகிறது. ஆனால் கிராங்க் நீளம் 16.5 செ.மீ. என்பதால் பெடல் சுற்றும் வட்டம் 1.04 மீட்டர்தான். பாலத்து ஏற்றத்தை சிவில் படிக்கும் நண்பன் மட்டக்குழாய் வைத்து அளந்து கொடுத்தான். 30 அடிக்கு 1 அடி. அப்பா 55, கட்டு 45, வண்டி 20, மொத்தம் 120 கிலோ. அதை 30-ஆல் வகுத்தால் 4 கிலோ விசை வண்டியைப் பின்னால் இழுக்கிறது. பெடலில் சராசரியாக 21 கிலோ அழுத்தம் வேண்டும், உராய்வைச் சேர்க்காமலே! பிரீவீலில் 20 பல் போட்டால் இது 19 ஆகும், 22 போட்டால் 17.

சும்மா கிடைக்குமா? நிமிஷத்துக்கு 60 மிதி என்றால் 18 பல்லில் 9 கி.மீ. போக 28 நிமிஷம், 20 பல்லில் 31, 22-ல் 34. கால் மிச்சமானால் நேரம் போகிறது. எனவே 20, 22 இரண்டையுமே வாங்கினேன். அப்பா காலே முடிவு சொல்லட்டும்.

பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க மெஷின் வேண்டாம், ஒரு நூல் போதும். பின் சக்கரம் மாட்டும் காதில் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி மறு காதுக்குக் கொண்டுவர வேண்டும். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருந்தால் பிரேம் சரி. அம்பது வருஷ வண்டி, ஒரு நூல் கூடப் பிசகவில்லை. பி.பி. கழற்றும்போது கவனம். வலப்பக்க கப்பும் இடது பெடலும் எதிர் மரை. கால் அங்குல பால்ஸ் பக்கத்துக்கு 11 புதிதாகப் போட்டேன். செயினில் 24 பின் இடைவெளி 12 அங்குலம் இருக்க வேண்டும். பழசு அதற்கு மேல் 1/8 அங்குலம் நீண்டிருந்தது. நீண்ட செயின் புதுப் பல்லில் ஏறி வழுக்கும், ஆகவே புதுச் செயின். டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் சேர்த்து 1,640 ரூபாய். கோட்டம் எடுத்தது மட்டும் கடைக்காரர். அந்தக் கை எனக்கு இன்னும் வரலை.

ஞாயிறு காலை 22 பல் மாட்டி, 45 கிலோ மணல் மூட்டை கட்டி, முதலில் நான் ஏறினேன். எடையில் நானும் அப்பாவும் ஏறக்குறைய ஒன்று. பின்னால் பாரம் இருந்தும் ஹேண்டில் வெட்டவில்லை. முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருப்பதன் குணம் அது. மிதிப்பதை நிறுத்தினால் பிரீவீல் சத்தம், மற்றபடி ஒரு முனகல் கிடையாது. ஏற்றத்தில் சீட்டை விட்டு எழும்பாமலே உச்சிக்குப் போய்விட்டேன். இறக்கத்தில்தான் வயிறு கலங்கியது. ராடு பிரேக் பிடித்து ஐந்து எட்டில் நின்றது. ரிம்மில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி மறுபடி பார்த்தேன், பதினோரு எட்டு! முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் பிடிப்பதில்லை. எந்தக் கட்டை போட்டாலும் இந்தக் குணம் முழுசாகப் போகாது.

அடுத்து அப்பா. மூட்டையோடு போய்த் திரும்பி வந்து, "எலே, முட்டு நோவல. ஆனா காலு சுத்துத வேகத்துக்கு வண்டி போவலியே. ஏலத்துக்கு ஆறு மணிக்குள்ள நிக்கணும்லா" என்றார். அன்று சாயங்காலமே 20 பல் மாட்டினேன். திங்கட்கிழமை இலைக்கட்டோடு பாலத்தில் இறங்காமல் போனார், ஏலத்துக்கும் நேரத்தில் நின்றார். மறுநாளும் அப்படியே.

22 பல் பிரீவீலை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், அதற்கு வேண்டிய ஒரு முழு லிங்க் செயினோடு. ஐப்பசி மழையில் மட்டும் பாலத்து இறக்கத்தில் இறங்கித் தள்ளச் சொல்லியிருக்கிறேன். "பாப்போம்" என்றார்.