மழையில் ஒலித்த மின்கிட்டார்

1964ஆம் ஆண்டு, மே மாதம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டுவிட்ட சிறிய ரயில் நிலையம் ஒன்று இருந்தது. தொலைக்காட்சி நிலையத்தார் அதன் ஒரு பக்க நடைமேடையை இசை மேடையாக மாற்றியிருந்தனர். தண்டவாளத்திற்கு அப்பால், மறுபக்க நடைமேடையில் இளைஞர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தனர். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது.

குதிரை வண்டியில் 49 வயதுப் பெண்மணி ஒருவர் வந்து இறங்கினார். கனமான மேலங்கியோடும் உயர்ந்த குதிகால் காலணியோடும் ஈர நடைமேடையில் நடந்து வந்து, வெண்ணிற மின்கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். மழையைக் கண்டதும், விவிலியத்தில் வரும் நோவா காலத்துப் பெருமழையைப் பற்றிய பாடலையே எடுத்தார். பாட்டின் நடுவில் அவர் பாடுவதை நிறுத்திக் கிட்டாரை மட்டும் முழங்கவிட்டபோது, எதிரே இருந்த இளைஞர்கள் மழையை மறந்து கைத்தட்டினர்.

அந்த இளைஞர்களுக்கு ராக் இசை புதிதன்று. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் அவர்கள் நாட்டின் பீட்டில்ஸ் குழு அமெரிக்காவுக்குச் சென்று அங்குள்ள இளையரைக் கிறங்க வைத்திருந்தது. ஆனால், தாங்கள் விரும்பிய அந்த இசைக்கு வழி வகுத்தவர்களுள் ஒருவர் இந்தப் பெண்மணி என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? அவர் பெயர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்.

ரொசெட்டா 1915ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தார். ஊரின் பெயர் ‘காட்டன் பிளாண்ட்’, அதாவது பருத்திச் செடி. அவ்வூர்க் கறுப்பின மக்களின் வாழ்க்கை எதைச் சுற்றிச் சுழன்றது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். அவருடைய தாயார் கேட்டி பெல் ஊர் ஊராகச் சென்று இறைச்செய்தி பரப்பியவர், மாண்டலின் வாசிப்பவர். அவர்கள் சார்ந்திருந்த திருச்சபையில் வழிபாடு அமைதியாக நடப்பதில்லை. கைத்தட்டலும் தாளமும் ஆட்டமும் அங்கே வழிபாட்டின் பகுதிகள். அந்தச் சூழலில் ரொசெட்டா மிகச் சிறிய வயதிலேயே கிட்டாரைக் கையில் எடுத்தார். தாயும் மகளும் பின்னர் சிக்காகோவில் குடியேறினர். அந்நகரில் ப்ளூஸ், ஜாஸ் ஆகிய இசை வகைகள் தெருவெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தன. தேவாலயப் பாட்டும் தெருவின் இசையும் அந்தச் சிறுமியின் விரல்களில் ஒன்றாகக் கலந்தன.

1938ஆம் ஆண்டு ரொசெட்டா நியூயார்க்குக்குச் சென்று தம் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். அதே ஆண்டில் புகழ்பெற்ற ‘காட்டன் கிளப்’ என்னும் இரவு விடுதியிலும் கார்னகி அரங்கிலும் மேடையேறினார். பாராட்டு வந்த வேகத்தில் எதிர்ப்பும் வந்தது. இறைவனைப் பற்றிய பாடலை மது அருந்தும் இடத்தில் பாடலாமா என்று திருச்சபையினர் பலர் சினந்தனர். அவர்களுடைய மன வருத்தத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர்களுக்கு அந்தப் பாடல்கள் வழிபாடு. ஆனால், ரொசெட்டா தேவாலயத்தையும் விடவில்லை, மேடையையும் விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று இரு பக்கத்தாரின் பேச்சையும் வாங்கிக்கொண்டார்.

அவர் கிட்டாரில் செய்த புதுமை என்ன? அக்கால இசைக்குழுக்களில் கிட்டார் பின்வரிசைக் கருவியாகவே இருந்தது. எக்காளமும் சாக்சபோனும் முழங்கும்போது அதன் மெல்லிய ஒலி கேட்கவே கேட்காது. ஆகவே, தாளத்திற்குத் துணையாக மட்டும் அதை வாசித்தார்கள். மின்கிட்டார் அந்த நிலையை மாற்றியது. அதன் உலோகத் தந்திகளுக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. தந்தி அதிரும்போது கம்பிச் சுருளில் சிறிதளவு மின்னோட்டம் உண்டாகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால், ஒரே தந்தியின் ஒலி அரங்கத்தையே நிறைத்துவிடும்.

இந்தக் கருவியை வைத்துக்கொண்டு ரொசெட்டா முன்வரிசைக்கு வந்தார். தாளத்திற்கு வாசிப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு தந்தியாக விரைந்து மீட்டித் தனி இசை வாசித்தார். பாட்டின் ஓர் அடியைத் தாம் பாடி, அடுத்த அடியைக் கிட்டாரைக் கொண்டு பதிலாக வாசித்தார். இன்று எந்த ராக் குழுவைப் பார்த்தாலும், பாட்டின் நடுவே கிட்டார்க் கலைஞர் ஒருவர் முன்னால் வந்து தனித்து வாசிப்பார். அதை ரொசெட்டா 1940களிலேயே செய்துகொண்டிருந்தார். அன்று அவருக்குக் கிடைத்த பெரிய பாராட்டு, “ஆண்பிள்ளையைப் போல வாசிக்கிறாரே!” என்பதுதான். அதைப் பாராட்டு என்று சொல்வதா என்பது வேறு கதை.

1944ஆம் ஆண்டில் அவர் பதிவு செய்த பாடல் ஒன்று, மறு ஆண்டில் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அது பொதுப்பட்டியல் அன்று. கறுப்பினத்தவரின் இசைத்தட்டுகளுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட பட்டியல். அக்காலத்தில் இசைக்கும் இன வேலி போடப்பட்டிருந்தது. முதல் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு எது என்று வாதிடுவோர் இன்றும் அந்தப் பாடலைக் குறிப்பிடுவது உண்டு. தென்மாநிலங்களில் இசைப் பயணம் சென்றபோது அரங்கில் அவருக்குக் கைத்தட்டல் கிடைத்தது. ஆனால், விடுதியில் அறை கிடைக்கவில்லை. பேருந்திலேயே உறங்கினார். உணவகத்தின் பின்வாசலில் உணவு வாங்கினார்.

1947ஆம் ஆண்டு, ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் அவருடைய நிகழ்ச்சி. அந்த அரங்கில் குளிர்பானம் விற்றுக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன், ரொசெட்டாவின் பாடல்களை அவர் காதில் விழும்படி பாடினான். அவர் அவனை மேடைக்கு அழைத்துப் பாட வைத்தார். நிகழ்ச்சி முடிந்ததும் கையில் பணமும் கொடுத்தார். பின்னாளில் லிட்டில் ரிச்சர்ட் என்ற பெயரில் உலகம் அறிந்த ராக் பாடகர் அந்தச் சிறுவன்தான். ஆர்கன்சாவில் வளர்ந்த ஜானி கேஷ், சிறுவயதில் தாம் விரும்பிக் கேட்ட பாடகர்களுள் ரொசெட்டாவைக் குறிப்பிட்டார். ரொசெட்டாவோடு பயணம் செய்து பாடிய ஜோர்டனேர்ஸ் என்ற வெள்ளையர் குழு, சில ஆண்டுகள் கழித்து எல்விஸ் பிரெஸ்லிக்குத் துணைக்குரல் கொடுத்தது.

அவருடைய புகழின் உச்சத்தைக் காட்ட ஒரு திருமணம் போதும். 1951ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் வாஷிங்டன் நகரின் விளையாட்டரங்கில், நுழைவுச்சீட்டு வாங்கிய ஏறத்தாழ 20,000 பேர் முன்னிலையில் அவர் மணம் புரிந்துகொண்டார். சடங்கு முடிந்ததும், மணக்கோலத்திலேயே கிட்டாரை மாட்டிக்கொண்டு இசை நிகழ்ச்சியைத் தொடங்கினார்!

அதன் பிறகு காலம் மாறியது. ராக் இசையின் முகமாக இளம் ஆண்கள் முன்னிறுத்தப்பட்டனர். ரொசெட்டாவைத் தேவாலயப் பாடகர் என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டனர். அமெரிக்காவில் அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. ஐரோப்பாவில்தான் அவரைத் தேடி அழைத்தார்கள். மான்செஸ்டர் நிகழ்ச்சி அப்படி வந்ததே. 1970ஆம் ஆண்டில் அவர் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். நீரிழிவு நோயால் ஒரு காலையும் இழந்தார். ஆயினும் மேடையைக் கைவிடவில்லை. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் பிலடெல்ஃபியா நகரில் காலமானார்.

அவரை அடக்கம் செய்த இடத்தில் பெயர் பொறித்த கல் வைக்கப்படவில்லை. திருமணத்தைக் காண ஏறத்தாழ 20,000 பேரைத் திரட்டியவரின் கல்லறை, முப்பத்தைந்து ஆண்டுகள் வெறும் புல்தரையாகவே கிடந்தது. 1986ஆம் ஆண்டு, ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் முதல் கலைஞர்களின் பெயர்கள் சேர்க்கப்பட்டன. அவர் மேடையேற்றிய லிட்டில் ரிச்சர்ட் அப்பட்டியலில் இருந்தார், ரொசெட்டா இல்லை.

2007ஆம் ஆண்டில் கெய்ல் வால்ட் என்ற பேராசிரியர் ரொசெட்டாவின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். மறு ஆண்டு, கல்லறைக்குக் கல் வைப்பதற்காக நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி நடந்தது. அதன் பின்னர் அந்தக் கல் நடப்பட்டது. புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட 2018ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவர் மறைந்து ஏறத்தாழ 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் உள்ளது. வாய்ப்புக் கிடைத்தால் தேடிப் பாருங்கள். அவர் பாடுவதை நிறுத்தும் இடத்தில், முகத்தைப் பார்க்காமல் விரல்களைக் கவனியுங்கள்.